தவிலின் சொல்லை விழுங்கும் சத்தம்

"அண்ணா, எந்த லிமிட்டர் போட்டா பாட்டு இன்னும் சத்தமா வரும்?"

மாஸ்டரிங்குக்கு, அதாவது வெளியிடுவதற்கு முந்தைய கடைசி ஒலிச் சீரமைப்புக்கு, பாட்டு கொண்டுவரும் பிள்ளைகளில் பாதிப் பேர் உட்காருவதற்கு முன்பே கேட்கும் கேள்வி இது. போன மாதம் வந்த தம்பிக்கு 23 வயது. ஐந்து தனிப்பாடல்களைத் தானே எழுதி, இசையமைத்து, வீட்டு அறையிலேயே பதிவு செய்திருந்தார். மடிக்கணினியில் நான்கு லிமிட்டர் பிளகின்களின் டெமோ வைத்திருந்தார். ஒரே பாட்டை நான்கிலும் ஓட்டிப் பார்த்து ஒன்றை முடிவும் செய்துவிட்டார். "இதுதான் அண்ணா செம. மத்ததெல்லாம் டல்லா இருக்கு. காசு சேர்த்து இதையே வாங்கிடலாம்னு இருக்கேன்" என்றார்.

நான்கு பதிப்புகளையும் வாங்கி அளந்தேன். அவருக்குப் பிடித்தது மற்ற மூன்றையும்விட ஏறக்குறைய 2 டெசிபல் கூடுதலாக இருந்தது. நான்கையும் ஒரே ஒலியளவுக்குக் குறைத்தேன். லிமிட்டரே போடாத அவருடைய மிக்ஸையும் ஐந்தாவதாக அதே அளவில் சேர்த்துக்கொண்டேன். திரையை அணைத்துவிட்டு, எது எதுவென்று சொல்லாமல் ஒவ்வொன்றாக ஓடவிட்டேன். வாங்க நினைத்திருந்ததை நான்காவது இடத்தில் வைத்தார். முதலிடம் லிமிட்டர் போடாத மிக்ஸுக்கு. "இதுல கிட்டார் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கு அண்ணா. இது எந்த பிளகின்?" என்று கேட்டார்.

22 ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். லிமிட்டரைத் தேர்ந்தெடுப்பதாக நினைத்துக்கொண்டு நம்மில் பெரும்பாலோர் சத்தத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். அந்தச் சத்தத்துக்காகப் பாட்டின் உயிரைக் கொடுக்கிறோம். இன்றைய நிலவரத்தில் அந்தச் சத்தமும் கேட்பவரிடம் போய்ச் சேருவதில்லை. இசை செய்பவர்களும், அதற்குக் காசு போடுபவர்களும், அதைக் கேட்பவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

லிமிட்டர் என்றால் என்னவென்று எனக்கு முதலில் காட்டியவர் என் அப்பா. கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் அவர்தான். மரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டி, கீழே ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். மேடையில் பாடுகிறவர் மேல் ஸ்தாயிக்கு ஏறப்போகிறார் என்பது, அவர் மூச்சு இழுக்கும்போதே அப்பாவுக்குத் தெரிந்துவிடும். சத்தம் வருவதற்கு முன்பே கை குமிழுக்குப் போய் ஒரு இழை குறைக்கும். பாடகர் இறங்கியதும் குமிழ் பழைய இடத்துக்கு வந்துவிடும். குழாய் ஒருநாளும் கத்தியதில்லை. பாட்டு அமுங்கியதும் இல்லை.

இன்றைய லிமிட்டர் பிளகின் செய்வது அப்படியே இதே வேலைதான். டிஜிட்டல் ஒலியில் 0 என்று ஒரு கூரை உண்டு. அதற்கு மேல் எண்ணே கிடையாது. அதை மீறும் ஒலியலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரப்பாகும். லிமிட்டர் சில மில்லிசெகண்ட் முன்னதாகவே எட்டிப் பார்த்து, பெரிய அடி ஒன்று வருகிறது என்று தெரிந்தால் அந்தக் கணத்துக்கு மட்டும் ஒலியைத் தாழ்த்தி, உடனே பழைய நிலைக்குக் கொண்டுவரும். உச்சிகள் இப்படித் தட்டையானதும், மொத்தப் பாட்டையும் மேலே தூக்க இடம் கிடைக்கும். ஓரிரண்டு டெசிபல் வரை இது நல்ல வேலைக்காரன். அதையே எட்டு, பத்து டெசிபலுக்கு இழுக்கும்போதுதான் கேடு தொடங்குகிறது.

அப்பாவும் ஒருமுறை அந்தத் தவறைச் செய்தார். அடுத்தடுத்த தெருக்களில் இரண்டு கோயில்களுக்கு ஒரே நாளில் திருவிழா. அந்தத் தெரு செட்டின் சத்தம் இங்கே கேட்கிறது என்று எங்கள் தெருக்காரர்கள் முறையிட்டார்கள். அப்பா கூட்டினார். அவர்களும் கூட்டினார்கள். இரவு பத்து மணிக்கு மேல் இரண்டு தெருவிலும் என்ன பாட்டு ஓடுகிறது என்று யாருக்கும் புரியவில்லை. மறுநாள் காலை எரிந்துபோன ஸ்பீக்கர் யூனிட்டைக் கழற்றிக்கொண்டே, "யூனிட்டும் போச்சு, பாட்டும் போச்சு" என்றார். அதன் பிறகு யார் எவ்வளவு கேட்டுக்கொண்டாலும் குமிழை ஒரு குறிக்கு மேல் திருப்ப மாட்டார்.

இந்தச் சத்தப் போட்டி இசைத் தொழிலையே ஆட்டிவைத்த ஒன்று. இசைத்தட்டுக் காலத்தில் அதற்கு இயற்கையான ஒரு தடை இருந்தது. சத்தம் கூடினால் தட்டின் வரிப்பள்ளம் அகலமாகும். ஒரு பக்கத்தில் அடங்கும் நேரம் குறையும். 1982இல் குறுந்தகடு வந்தது. சுமார் 96 டெசிபல் வீச்சு, பின்னணி இரைச்சல் அநேகமாக இல்லை. மெல்லிய ஒலிக்கும் பேரொலிக்கும் நடுவே இவ்வளவு இடம் கிடைத்தது பெரிய கொடை. 1994இல் வேவ்ஸ் நிறுவனத்தின் எல்1 வந்தது. முன்னதாக எட்டிப் பார்த்து உச்சிகளை அடக்கும் லிமிட்டர் கணினிக்குள் நுழைந்தது அப்போதுதான். ஒரே ஒரு சறுக்கியைக் கீழே இழுத்தால் போதும், பாட்டு சத்தமாகும். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உலகமே அந்தச் சறுக்கியை இழுத்துக்கொண்டிருந்தது. 96 டெசிபல் கொடையில் பல ஆல்பங்கள் கடைசிச் சில டெசிபலுக்குள்ளேயே முடங்கின.

2008 செப்டம்பரில் மெட்டாலிகா குழுவின் 'டெத் மேக்னடிக்' வெளியானது. அதே பாடல்கள் 'கிட்டார் ஹீரோ' என்ற வீடியோ விளையாட்டுக்கும் போயின. விளையாட்டில் வந்த பதிப்பு அவ்வளவு நசுக்கப்படாதது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்ட ரசிகர்கள் கொதித்தார்கள். டிரம்ஸ் அடி தட்டையாகி, கிட்டார் கரகரப்பாகி, குறுந்தகட்டில் வந்தது அவர்களுக்குச் சோர்வாக இருந்தது. ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டு மறுபதிப்பு கேட்டார்கள். கருவிகளைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள்கூடக் காதால் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பார்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகப் பெரிய சாட்சி அதுதான். ஒரே ஒலியளவில் பக்கத்தில் வைத்துக் கேட்க வாய்ப்புக் கிடைத்தால் போதும்.

அந்த வாய்ப்பு இல்லாதபோது காது நம்மை ஏமாற்றுகிறது. 1933இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும் இதை அளந்து காட்டினார்கள். ஒலி மெல்லியதாக இருக்கும்போது பேஸ் ஒலிகள் காதுக்குச் சரியாகக் கேட்பதில்லை. சத்தம் கூடக் கூட அவை எழுந்து வருகின்றன. அதனால் ஒரே பாட்டைச் சற்றே கூட்டி வைத்தால், அது நிறைவாகவும் தெளிவாகவும் இருப்பதாகத் தோன்றும். அரை டெசிபல் வித்தியாசமே தீர்ப்பை மாற்றிவிடும். அந்தத் தம்பி நான்கு பிளகின்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது இப்படித்தான். அவருடைய காதில் குறை எதுவும் இல்லை.

என் காதும் அப்படி ஏமாந்தது. 2011இல் ஒரு நாகஸ்வரக் கச்சேரி ஆல்பம் என்னிடம் வந்தது. பதிவு அருமையாக இருந்தது. வெளியிட்ட நிறுவனத்திலிருந்து, "கார்ல போட்டா மத்த சிடியைவிட சத்தம் கம்மியா இருக்கு" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறை லிமிட்டரை 9 டெசிபல் வரை இழுத்தேன். என் அறையில் அது கம்பீரமாக ஒலித்ததாகத்தான் நினைத்தேன். உடனே ஒப்புதலும் கிடைத்தது.

வெளியாகிச் சில வாரம் கழித்துத் தவில் வித்வான் என் அறைக்கு வந்தார். அறுபதைத் தாண்டிய பெரியவர். ஸ்பீக்கரில் போடச் சொன்னார். தனி ஆவர்த்தனம் முழுவதையும் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு மெதுவாக, "தம்பி, நாதம் இருக்கு. என் சொல்லு எங்க போச்சு?" என்றார்.

அவர் சொன்னது முழுக்க உண்மை. தவிலில் வலந்தலையை விரல்களில் கூடு மாட்டி வாசிப்பார்கள். மறுபக்கத்தில் கழி விழும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முனை உண்டு. சில மில்லிசெகண்டுக்குள் எழுந்து அடங்கும் அந்த முனையில்தான் ஒரு சொல் இன்னொரு சொல்லிலிருந்து பிரிகிறது. லிமிட்டர் முதலில் கடிப்பது அந்த முனையைத்தான். முனை போன பிறகு மிஞ்சுவது தோலின் முழக்கம் மட்டும். ஐம்பது ஆண்டு சாதகத்தை நான் 9 டெசிபலுக்கு விற்றிருந்தேன். இரண்டாவது கேட்பில் இன்னொன்றும் தெரிந்தது. ஒவ்வொரு பலத்த அடிக்கும் பின்னால் சுருதியின் ஒலி ஒரு கணம் முங்கி எழுந்தது. சுருதி அசைந்தால் கச்சேரியில் மிச்சம் என்ன இருக்கிறது?

அன்றைக்காவது சத்தத்துக்கு ஒரு காரணம் சொல்ல முடிந்தது. காரில் சிடி மாற்றினால் அடுத்த ஆல்பம் மெலிந்து கேட்கும். இன்று அந்தக் காரணமும் இல்லை. 2006இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம், காது உணரும் ஒலியளவை அளக்க ஒரு பொது முறையை வெளியிட்டது. எல்.யு.எஃப்.எஸ். என்ற அலகு அதிலிருந்து பிறந்தது. 2010இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் மைனஸ் 23ஐத் தன் அளவாக ஏற்றுக்கொண்டது. பாட்டுக் கேட்கும் தளங்களும் அந்த வழிக்கே வந்தன. ஸ்பாட்டிஃபையின் இயல்பான அளவு மைனஸ் 14. யூடியூபும் ஏறக்குறைய அதே அளவு. ஆப்பிள் மியூசிக்கின் சவுண்ட் செக் மைனஸ் 16. உங்கள் பாட்டு அதைவிடச் சத்தமாக இருந்தால், தளமே குறைத்துத்தான் ஒலிக்கவிடும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒருவர் தன் பாட்டை நசுக்கி மைனஸ் 7க்குக் கொண்டுவருகிறார். தளம் 7 டெசிபலைக் குறைக்கிறது. பக்கத்தில் வேறொருவர் மூச்சுவிட இடம் வைத்து மைனஸ் 14இல் கொடுத்த பாட்டு. இரண்டும் ஒரே சத்தத்தில் ஒலிக்கும். முதல் பாட்டில் தவிலுக்கு முனை கிடையாது, இரண்டாவதில் உண்டு. கூட்டிய சத்தத்தைத் தளம் எடுத்துக்கொள்கிறது. அதற்காகச் செய்த சேதம் மட்டும் பாட்டிலேயே தங்கிவிடுகிறது.

அப்படியானால் லிமிட்டர் வேண்டாமா? வேண்டும். நானும் ஒவ்வொரு நாளும் போடுகிறேன். எதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு, என் அறையில் நான் செய்வதை அப்படியே சொல்கிறேன்.

முதல் வேலை, ஒலியளவைச் சமன்செய்வது. இதைச் செய்யாமல் எந்த பிளகினைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசாதீர்கள். யூலீன் லவுட்னஸ் மீட்டரின் இலவசப் பதிப்பே அளப்பதற்குப் போதும். ஃபேப்ஃபில்டர் புரோ-எல் 2 போன்றவற்றில், கூட்டிய அளவை வெளியீட்டில் தானே குறைத்துக் காட்டும் பொத்தான் உண்டு. லிமிட்டர் வெட்டி எறிவதை மட்டும் தனியே கேட்கவும் அதில் வசதி இருக்கிறது. அந்த மிச்சத்தை ஒருமுறை கேளுங்கள். அதில் உங்கள் டிரம்ஸோ மிருதங்கமோ அடையாளம் தெரியும் அளவுக்குக் கேட்டால், அளவுக்கு மீறி வெட்டுகிறீர்கள் என்று பொருள்.

அடுத்தது, பாட்டிலேயே கடினமான பத்து நொடியைக் கண்டுபிடிப்பது. தாளக்கருவியின் பலத்த அடியும் நீண்டு நிற்கும் ஒரு ஒலியும் சேரும் இடம் அது. மேள ஆல்பத்தில் தவிலும் சுருதியும், திரைப்பாட்டில் கிக் டிரம்மும் ஸ்ட்ரிங்ஸும். எந்த லிமிட்டரையும் அந்த இடத்தில் வைத்துச் சோதியுங்கள். அடிக்குப் பின்னால் ஸ்ட்ரிங்ஸ் முங்கி எழுந்தால் ரிலீஸ், அதாவது தாழ்த்திய ஒலி பழைய நிலைக்குத் திரும்புவது, மெதுவாக இருக்கிறது. பேஸ் கரகரத்தால் ரிலீஸ் வேகமாக இருக்கிறது. புரோ-எல் 2இல் எட்டு விதமான இயக்கமுறைகள் இருக்கின்றன. ஐசோடோப் ஓசோனின் மேக்ஸிமைசரிலும் பல உண்டு. அவற்றுக்கு நடுவிலான வித்தியாசம் பெரும்பாலும் இந்த ரிலீஸைக் கையாளும் விதம்தான். குரலும் வீணையும் மட்டும் உள்ள பாட்டுக்குப் பொருந்துவது பறைக்குப் பொருந்தாது. ஒரே முறையை ஆல்பம் முழுக்கப் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

மூன்றாவது, கூரையை 0இல் வைக்காதீர்கள். கணினி காட்டும் புள்ளிகளுக்கு நடுவே உண்மையான ஒலியலை இன்னும் மேலே எழும். எம்பி3, ஏஏசி ஆக மாற்றும்போது அது மேலும் எழும்பிக் கரகரக்கும். அந்த உண்மையான உச்சியை அளக்கும் ட்ரூ பீக் வசதியைப் போட்டு, கூரையை மைனஸ் 1இல் வையுங்கள். மைனஸ் 14ஐத் தாண்டிய பாட்டு என்றால் மைனஸ் 2 என்று ஸ்பாட்டிஃபையே சொல்கிறது.

கையில் பணம் இல்லையே என்று வருந்தவும் தேவையில்லை. லாஜிக், கியூபேஸ் மென்பொருள்களோடு லிமிட்டர் கூடவே வருகிறது. லவுட்மேக்ஸ் இலவசம். 2 டெசிபலுக்குள் வேலை செய்யும்போது, இலவசத்துக்கும் விலையுயர்ந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது எனக்கே கடினம். விலையுயர்ந்த கருவியின் அருமை தெரிவது 5, 6 டெசிபலுக்கு மேல் இழுக்கும்போதுதான். அந்த இடத்துக்கு ஏன் போகிறோம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மிக்ஸில் ஒரு ஸ்நேர் அடி மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் அதை மிக்ஸிலேயே சரிசெய்யுங்கள். லிமிட்டர் அந்த ஒரு அடிக்காக எல்லாக் கருவிகளையும் சேர்த்துத் தாழ்த்தும்.

மறுப்பாகச் சொல்லப்படுபவற்றில் நியாயமானவையும் உண்டு. எல்லா இடத்திலும் தளத்தின் இந்தச் சமன்செய்தல் இல்லை. பேருந்தில் பென்டிரைவில் ஓடும் பாட்டுக்கு இல்லை. தயாரிப்பாளர் வாட்ஸ்அப்பில் வந்த கோப்பை ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டுத்தான் ஒப்புதல் தருகிறார், அங்கேயும் இல்லை. இறுக்கமாக அடைத்த ஒலியே அழகாக இருக்கும் இசையும் உண்டு. குத்துப்பாட்டும் மின்னணு நடன இசையும் மைனஸ் 9இல் சரியாக உட்காரலாம். மைனஸ் 14 என்பதும் எட்டியே தீரவேண்டிய இலக்கு அல்ல. அது தளம் தன் குமிழைத் திருப்பிக்கொள்ளும் அளவு, அவ்வளவே. நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த இறுக்கத்தை, ஒலியளவைச் சமன்செய்து கேட்ட காதால் முடிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆட வைப்பதற்கு நசுக்கித்தான் ஆகவேண்டும் என்பதுமில்லை. டாஃப்ட் பங்க் குழுவின் 'ரேண்டம் ஆக்சஸ் மெமரீஸ்' 2013இல் வந்தது. பாப் லுட்விக் மாஸ்டரிங் செய்த ஆல்பம். மூச்சுவிட இடம் வைத்த அந்த நடன இசைதான் 2014இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது. சிறந்த ஒலிப்பதிவுக்கான கிராமியும் அதற்கே கிடைத்தது.

காசு போடுபவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு மாஸ்டரை ஒப்பிடும்போது, இரண்டையும் ஒரே ஒலியளவில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நல்ல ஹெட்ஃபோனில், பாட்டு முழுவதையும் கேளுங்கள். முதல் பத்து நொடியில் கவர்வது மூன்றாவது நிமிடத்தில் களைக்க வைக்கிறதா என்று பாருங்கள். கேட்பவர்களிடமும் ஒன்று சொல்லவேண்டும். சத்தம் வேண்டுமென்றால் கூட்டிக்கொள்ளுங்கள், குமிழ் உங்கள் கையில் இருக்கிறது. நாங்கள் பாட்டுக்குள்ளேயே கூட்டி வைத்துவிட்டால், அதைக் குறைத்துப் பழைய முனையை மீட்க உங்களால் முடியாது.

இசை செய்யும் பிள்ளைகளுக்கு ஒன்று. லிமிட்டர் போடாத மிக்ஸை 24 பிட்டில் எடுத்து, இரண்டு வன்தட்டுகளில் பத்திரப்படுத்துங்கள். கனடாவின் ரஷ் குழு 2002இல் வெளியிட்ட 'வேப்பர் டிரெயில்ஸ்' ஆல்பத்தின் ஒலி, நசுங்கிப்போனது என்று பேர் வாங்கியது. 2013இல் அதை மூலப் பதிவிலிருந்து புதிதாக மிக்ஸ் செய்து வெளியிட்டார்கள். மூலம் பத்திரமாக இருந்ததால்தான் அது முடிந்தது.

அந்தத் தவில் வித்வான் இப்போது இல்லை. அவர் வந்துபோன மறுநாளே, அந்த ஆல்பத்தை இரண்டே டெசிபல் லிமிட்டரோடு மறுபடி மாஸ்டரிங் செய்தேன். சிடியில் எழுதி அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். கேட்டுவிட்டு என் தோளில் கையை வைத்தார், ஒன்றும் பேசவில்லை. நிறுவனம் அதை மாற்றிப் போடவில்லை. தளங்களில் இன்றும் இருப்பது 9 டெசிபல் பதிப்புதான். போன வருடம் தவில் பயிலும் ஒரு பையன், அந்தத் தனி ஆவர்த்தனத்தின் மொஹரா (முடிவுக்கு முன் வரும் சொற்கோவை) எப்படி விழுகிறது என்று தெரிந்துகொள்ள அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டும் பிடிபடாமல், யாரோ சொல்லி என்னைத் தேடி வந்தான். என் வன்தட்டில் இருந்ததைப் போட்டேன். இரண்டாவது தடவை ஓடும்போதே அவன் விரல்கள் மேசையில் சரியான சொல்லைத் தட்டத் தொடங்கின.